ரூப்நாராயணின் சிறுநீரகம்

பரமசிவத்தின் உடம்புக்குள் மூன்று சிறுநீரகங்கள் இருந்தன. பிறந்தபோது வந்த இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. மூன்றாவது அவருடைய மனைவி கீதாஞ்சலியுடையது. அது மட்டும் வலது அடிவயிற்றில் உட்கார்ந்து ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த பரமசிவம், கல்கத்தாவின் சால்ட் லேக்கில் கணினி நிறுவனங்கள் நெருக்கியடித்து நிற்கும் செக்டர் ஃபைவின் நடைபாதையில் தோசைக்கடை வைத்திருந்தார். கீதாஞ்சலி கல்கத்தாவிலேயே பிறந்தவள். ரயில்வேயில் வேலை பார்த்த அவளுடைய அப்பா, ஊரோடு ஒத்துப்போக நினைத்து அந்தப் பெயரை வைத்தார். அவளுக்குத் தமிழில் சண்டை போட வராது. கோபம் வந்தால் வங்காளத்துக்கு மாறிவிடுவாள். ஆனால் கணவர் தண்ணீர் குடிக்க மறந்தாலோ ஊறுகாயில் கைவைத்தாலோ மட்டும் தமிழிலேயே சொல்வாள்: "அது என்னுது. பத்திரமா வச்சுக்கோங்க."

அந்தச் சிறுநீரகத்தை அவர் பத்திரமாக வைத்துக்கொள்ள நினைத்ததால்தான் நுண்பை உயராய்வு மகாமையத்தின் கண்ணாடிக் கட்டடத்துக்குள் காலை வைத்தார்.

மகாமையத்தின் பங்களிப்பாளர் நலத்துறைத் துணை இயக்குநர் வீரராகவன் அவரை வரவேற்றார். திருச்சிக்காரர். வாழ்நாள் முழுக்கக் கல்கத்தா அரசு அலுவலகங்களில் கழித்தவர்.

"ஒவ்வொரு செல்லும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகளை வெளியே விட்டுக்கிட்டே இருக்கு, சார். நுண்பைன்னு பேர். உள்ளே என்ன நடக்குதுங்கிற சேதி அதுக்குள்ள இருக்கும். சிறுநீரகத்துலேர்ந்து கிளம்புற பை சிறுநீரோட வெளியே வரும். அதைப் பிடிச்சுப் படிச்சா போதும். உங்க உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஏத்துக்குதா, தள்ளிவிடப் பார்க்குதான்னு, ரத்தப் பரிசோதனையில தெரியறதுக்கு ரொம்ப முன்னாடியே கண்டுபிடிச்சுடலாம். ஊசி கிடையாது. கத்தி கிடையாது."

ஊசி கிடையாது என்றதுமே பரமசிவம் பாதி சம்மதித்துவிட்டார். மீதிக்காக ஒன்று கேட்டார். "கெட்டுப்போகுதுன்னு தெரிஞ்சா எனக்குச் சொல்லிருவீகல்லா?"

"இந்த மையமே அதுக்காகத்தானே சார் இருக்கு!" என்றார் வீரராகவன். அதைப் பரமசிவம் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்து இரகசியக் காப்பு பற்றி விளக்கம் நடந்தது. நோயாளி என்ற சொல் அங்கே தடைசெய்யப்பட்டிருந்தது. பங்களிப்பாளர் என்றே சொல்ல வேண்டும். பங்களிப்பாளரின் பெயரை ஆய்வகத்தில் யாரும் அறியக்கூடாது. பெயருக்குப் பதிலாக வங்கத்து நதி ஒன்றின் பெயர் சூட்டப்படும்.

"எனக்கு என்ன ஆறு சார்?"

"சொல்ல முடியாது. உங்க அடையாளத்தை எல்லார்கிட்டேர்ந்தும் காப்பாத்துறோம்."

"எல்லார்கிட்டயும்னா?"

"உங்ககிட்டேர்ந்தும்தான்."

இன்னொரு விதியும் இருந்தது. தான் பங்களிப்பாளர் என்று ஆய்வகத்துக்காரர் யாரிடமும் அவர் மூச்சு விடக்கூடாது. விட்டால் எல்லாருடைய சிறுநீர் மாதிரியும் கெட்டுப்போனதாகக் கருதி மொத்த ஆய்வும் குப்பைக்குப் போகும். அத்தனை பேர் பாவத்தைக் கொட்டிக்கொள்ள அவர் விரும்பவில்லை. கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமைதோறும் மாதிரி கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்கும் இடத்துக்குக் 'கழிப்பறை' என்ற பெயர் பொருந்தாது என்று மகாமையம் முடிவு செய்திருந்தது. வாசலில் 'சமர்ப்பண அரங்கம்' என்று பித்தளைப் பலகை மாட்டியிருந்தார்கள். சிறுநீரையும் 'உயிர்த்திரவம்' என்றுதான் சொல்ல வேண்டும். பரமசிவம் புட்டியோடு உள்ளே போனதும் வெளியே மணி அடிப்பார்கள். அந்தத் தளத்தில் இருக்கும் அலுவலர்கள் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவர் வெளியே வந்ததும் கையுறை அணிந்த இருவர் புட்டியை வெள்ளித்தட்டில் வாங்கிக்கொள்வார்கள். இத்தனை பேர் தனக்காக எழுந்து நிற்கிறார்கள் என்ற நினைப்பிலேயே முதல் திங்கட்கிழமை அவருக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. வீரராகவன் கதவுக்கு வெளியே நின்று, "அவசரமில்லை, பங்களிப்பாளர் அவர்களே! தேசம் காத்திருக்கும்!" என்று குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு வரவிருந்ததும் நின்றுவிட்டது.

இயக்குநர் டாக்டர் ஷிகதார் சில சமயம் வெளிநாட்டு விருந்தினர்களை அழைத்து வந்து தட்டைக் காட்டுவார். "நண்பர்களே, நுண்பையைப் பாருங்கள். எவ்வளவு சிறியது! ஆனால் தன்னிடம் கொடுத்த சேதியைச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்காமல் அது ஓய்வதில்லை. இந்த மகாமையத்தின் ஒவ்வொரு ஊழியரும் ஒரு நுண்பை!" விருந்தினர்கள் கைதட்டுவார்கள். தட்டைப் பிடித்திருப்பவர்களால் தட்ட முடியாது, தலையை ஆட்டுவார்கள்.

வைஷாலி அந்த மகாமையத்தில் ஆராய்ச்சி மாணவி. ஈரோட்டுப் பெண், கல்கத்தா வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சோறு தேடி அலைந்து பரமசிவத்தின் கடையைக் கண்டுபிடித்தவள், அதன் பிறகு தினமும் மத்தியானம் அங்கேதான் சாப்பிட்டாள். அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று பரமசிவத்துக்குத் தெரியும். அவர் திங்கட்கிழமை எங்கே போகிறார் என்று அவளுக்குத் தெரியாது. பங்களிப்பாளர்களுக்குப் பின்பக்கமாகத் தனி வாசல்.

ரத யாத்திரை முடிந்த வாரத்தில் ஒருநாள் அவள் தோசையைப் பிய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, புளிச்சிருக்கா?"

"இல்லீங்கண்ணா. எங்க லேப்ல ரூப்நாராயண்னு ஒருத்தர். பேர் இல்ல, ஆத்துப் பேரு. அவரோட கிட்னியை உடம்பு தள்ள ஆரம்பிச்சிருச்சு. நுண்பையில அப்பட்டமாத் தெரியுது. இப்பவே மருந்து குடுத்தாக் காப்பாத்திரலாம். ஆனா அவர் யாருன்னு எனக்குத் தெரியாது. யார்கிட்ட சொல்றது?"

பரமசிவத்தின் கையில் இருந்த கரண்டி கல்லில் நின்றது. "ஆபீஸ்ல சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிட்டேங்கண்ணா. அறக்கமிட்டி கூடித்தான் முடிவு பண்ணணுமாம். தலைவர் வியன்னாவுக்குப் போயிருக்கார். நோயாளிக்கு உண்மையைச் சொல்ற கடமை பத்தி ஒரு மாநாடாம்."

"அவர் வாரதுக்குள்ள அந்த மனுசன்..."

"கொடுமை என்னன்னா, அதே லேப்ல எலி வளக்கறோம். எலிக்கு ஒடம்பு சொகமில்லைன்னா அன்னைக்கே டாக்டர் வந்து பாக்கணும். விலங்கு நலக் கமிட்டி ரூலு. போன வாரம் ஒரு எலியோட கிட்னி கெட ஆரம்பிச்சது, சாயங்காலத்துக்குள்ள ஊசி போட்டாச்சு. இப்ப ஜம்முனு ஓடுது."

"யாரு பெத்த பிள்ளையோ," என்றார் பரமசிவம். "நீ விடாத தாயி. எழுதிப் போட்டுக்கிட்டே இரு." அன்றைக்கு அவளிடம் காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கீதாஞ்சலியிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "அது நீங்களா இருந்தா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை பரமசிவம் வெள்ளித்தட்டைத் தாண்டி நேராக வீரராகவனிடம் போனார். "சார், என்னோடது எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மனசு கிடந்து அடிச்சிக்கிடுது."

வீரராகவன் முகம் மலர்ந்தது. "உங்க மாதிரியா? அதைப் பத்தி நானே சொல்லணும்னு இருந்தேன். ரொம்பச் சிறப்பா இருக்கு. தெளிவு, அளவு, நேரந்தவறாமை எல்லாத்துலயும் நீங்கதான் முதல். டைரக்டரே பாராட்டினார்."

அவர் சொன்னது புட்டியைப் பற்றி. பரமசிவம் கேட்டது சிறுநீரகத்தைப் பற்றி. வீரராகவன் பொய் சொல்லவில்லை. புட்டிக்குள் இருந்ததை யார் படித்து என்ன கண்டார்கள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. எந்த நதி எந்த மனிதர் என்ற விவரம் அவருடைய கணினியில்தான் பூட்டிக் கிடந்தது. ஆனால் அதைத் திறக்க அறக்கமிட்டித் தலைவரின் கையெழுத்து வேண்டும்.

பரமசிவம் வழியில் கால் கிலோ சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கீதாஞ்சலி இரண்டு சாப்பிட்டாள்.

அடுத்த மாதம் அவருக்கு அசதியாக இருந்தது. மாவு வாளியைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. அறுவைச் சிகிச்சை செய்த ஆஸ்பத்திரியின் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. இருந்தாலும் மனசு ஒப்பலை. ஊசி விட்டுச் சிறுநீரகத்துலேர்ந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துடலாமா?" என்றார்.

"மகாமையத்துல நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க, டாக்டர். அவுகளுக்கு ரொம்ப முன்னாடியே தெரியுமாம்."

கண்ணாடிக் கட்டடத்தின் மேல் அந்த டாக்டருக்கும் மரியாதை இருந்தது. "அவங்களே சொல்லிட்டாங்களா? சரி, அப்போ துர்கா பூஜை முடியட்டும்," என்றார்.

அறக்கமிட்டித் தலைவர் வியன்னாவிலிருந்து வந்தார். ஆனால் ஓர் உறுப்பினர் ஓய்வு பெற்றுவிட்டதால் கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை, அதாவது கோரம், இல்லை. புதிய உறுப்பினரை நியமிக்கும் அதிகாரம் அறக்கமிட்டிக்குத்தான் உண்டு. கோரம் இல்லாததால் நியமிக்க முடியவில்லை. வைஷாலி மூன்றாவது தடவை எழுதியபோது, திரும்பத் திரும்ப எழுதுவது ஆய்வாளரின் உணர்ச்சிவசப்பட்ட நிலையைக் காட்டுகிறது என்று பதில் வந்தது. தியான வகுப்பு ஒன்றுக்கும் அனுப்பினார்கள். அப்புறம் பூஜை வந்தது. நகரத்தில் யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியில்லாத நாட்கள் வந்துவிட்டன.

அஷ்டமி அன்று பந்தலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது பரமசிவத்தின் கால் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியது. தசமிக்குள் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எந்த ஊசிக்குப் பயந்தாரோ அந்த ஊசியையும் விட்டுப் பார்த்தார்கள். அந்த டாக்டர் கீதாஞ்சலியைத் தனியாக அழைத்துச் சொன்னார். ரொம்ப நாளாகவே உடம்பு அதைத் தாக்கிக்கொண்டிருந்திருக்கிறது, சில மாதம் முன்னால் தெரிந்திருந்தால் மருந்திலேயே மீட்டிருக்கலாம், இனி டயாலிசிஸ்தான்.

அவள் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். தான் கொடுத்தது இருந்த இடத்தில், போர்வைக்கு மேலேயே, கையை வைத்துக்கொண்டாள். வங்காளத்திலும் எதுவும் சொல்லவில்லை.

"பத்திரமாத்தான் வச்சிருந்தேன், கீதா," என்றார் பரமசிவம்.

குளிர்காலத்தில் வீரராகவன் தொலைபேசியில் அழைத்தார். நகரத்தின் பெரிய ஓட்டல் ஒன்றில் மகாமையம் சர்வதேச மாநாடு நடத்துகிறது. பங்களிப்பாளர் ஒருவரை மேடையில் உட்காரவைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மற்றவர்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க எப்பவுமே ஒத்துழைக்கிறவர்," என்றார். பரமசிவம் இப்போது டயாலிசிஸில் இருப்பது அவருக்குத் தெரியாது. சில மாதங்களாக அவரிடமிருந்து மாதிரி வராததை, தன் வருகைப் பதிவேட்டில் விடுமுறை என்று குறித்திருந்தார்.

ஒருவேளை அங்கே பெரிய டாக்டர்கள் யாராவது வழி சொல்வார்கள் என்று இருவரும் போனார்கள். பரமசிவத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். குத்துவிளக்கை ஏற்றச் சொன்னார்கள். மேடையின் ஓரத்தில் பூச்சாடிக்குப் பின்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். கீதாஞ்சலி முன்வரிசையில் உட்கார்ந்தாள். வைஷாலி கடைசி வரிசையில் இருந்தாள். மேடையில் தோசைக்கடை அண்ணனைப் பார்த்து, சாப்பாட்டுக் கான்ட்ராக்ட் அவருக்குத்தான் கிடைத்திருக்கிறது போல என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

டாக்டர் ஷிகதார் பேச எழுந்தார்.

"நண்பர்களே! இன்று உங்களுக்கு ரூப்நாராயணை அறிமுகப்படுத்துகிறேன். இரகசியம் கருதி அவர் யாரென்று சொல்ல மாட்டேன். பெயரை நீக்கி என்னிடம் மட்டும் வரும் படிவத்தில் உள்ளதைச் சொல்கிறேன். ஐம்பது வயது கடந்த ஆண். தென்னாட்டுக்காரர். செக்டர் ஃபைவில் சிற்றுண்டி வியாபாரம். மனைவியின் சிறுநீரகத்தோடு வாழ்ந்தவர். அந்த அம்மையார் இந்நகரிலேயே பிறந்தவர். இதற்கு மேல் ஒரு சொல்கூட என்னிடமிருந்து வராது." அவையில் மெல்லிய சிரிப்பு எழுந்தது. "ரத்தப் பரிசோதனை 'எல்லாம் நலம்' என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் நுண்பைகள் மட்டும் 'இது அழியும்' என்று சொல்லின. வாரா வாரம் சொல்லின. நாங்கள் பொறுமையாக, குறுக்கிடாமல் கவனித்தோம். நாங்கள் சொன்னபடியே, நாங்கள் சொன்ன பருவத்திலேயே அவருடைய மாதிரி வருவது நின்றது, அந்தச் சிறுநீரகம் அழிந்தது. இது மகாமையத்தின் மகத்தான வெற்றி!"

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எல்லோரும் தட்டுகிறார்களே என்று பரமசிவத்தின் கையும் தானாக மேலே வந்தது. பாதியில் அவருக்குப் புரிந்தது. கைகளை மடியில் இறக்கி வைத்துக்கொண்டார்.

அவைத்தலைவர் கேள்வி நேரத்தை அறிவித்தார். "தயவுசெய்து கேள்வி மட்டும். கருத்து கூடாது."

கீதாஞ்சலி எழுந்தாள். ஒலிவாங்கியை வாங்கி வங்காளத்தில் கேட்டாள்.

"உங்களுக்கு எப்போது தெரிந்தது?"

"ரத யாத்திரை சமயத்திலேயே!" என்றார் ஷிகதார்.

"அப்போது மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருக்குமா?"

"பெரும்பாலும் பிழைத்திருக்கும். எங்கள் கண்டுபிடிப்பின் பெருமையே அதுதான், அம்மா."

"பிறகு ஏன் அவரிடம் சொல்லவில்லை?"

ஷிகதார் புன்னகை செய்தார். மாணவர்களிடமிருந்து அவர் எதிர்பார்க்கும் தரமான கேள்வி அது. "மிக நல்ல கேள்வி. முதலாவதாக, அறக்கமிட்டி கூடவில்லை. அதை விடுங்கள், அறிவியலைப் பார்ப்போம். சொல்லியிருந்தால் அவர் சிகிச்சை எடுத்திருப்பார். எடுத்திருந்தால் சிறுநீரகம் பிழைத்திருக்கும். பிழைத்திருந்தால், அது அழியும் என்று நாங்கள் சொன்னது சரிதானா என்று எப்படி நிரூபிப்பது?"

மறுபடியும் கைதட்டல். அது அடங்கும் வரை கீதாஞ்சலி நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தச் சிறுநீரகம் என்னுடையது," என்றாள்.

ஷிகதார் அவைத்தலைவரைப் பார்த்தார். அவைத்தலைவர் தன் முன்னால் இருந்த விதிகளைப் பார்த்தார்.

"மன்னிக்கவும் அம்மா, அது கேள்வி இல்லை. கருத்து," என்று சொல்லி மதிய உணவை அறிவித்தார்.

ஓட்டலுக்கு வெளியே டாக்ஸிக்காக நின்றவர்களிடம் வைஷாலி ஓடி வந்தாள். செருப்பு ஒன்று எங்கோ கழன்றிருந்தது. கீதாஞ்சலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பரமசிவத்தைப் பார்த்துக் கேட்டாள்: "தினமும் உங்க முன்னாடிதானுங்கண்ணா உக்காந்திருந்தேன்? ஒரு வார்த்தை... நானும் அங்கதான் வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லக்கூடாதுன்னாங்களே, தாயி. மத்தவங்களோடதும் கெட்டுப்போகும்னாங்க."

அவள் தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். கீதாஞ்சலி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "நீ எழுதினே. அங்க எழுதினது நீ ஒருத்திதான். எழுந்திரு. செருப்பு எங்கே, பாரு," என்றாள்.

மகாமையம் உடனே விசாரணைக்கு உத்தரவிட்டது. ரூப்நாராயணின் இரகசியம் ரூப்நாராயணுக்கே கசிந்தது எப்படி என்பதுதான் விசாரணையின் பொருள். உரையைக் கவனமாகக் கேட்டுத் தன்னைத் தானே அடையாளம் கண்டுகொண்ட பங்களிப்பாளர்தான் விதியை மீறியவர் என்றும், அவருடைய வயதையும் ஒத்துழைப்பையும் கருதி மன்னிக்கலாம் என்றும் அறிக்கை வந்தது. வைஷாலி வேலையை விட்டாள். நடந்தது அனைத்தையும் எழுதி மேலிடத்துக்குப் புகார் அனுப்பினாள். மேலிடம் அதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டு, உரிய நடவடிக்கைக்காக மகாமையத்துக்கே அனுப்பிவைத்தது. அவள் இன்னொரு புகார் எழுதினாள். இப்போது ஈரோட்டிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.

பரமசிவம் வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருக்கிறார். தண்ணீர் குடி, குடி என்று துரத்தியவள் இப்போது டம்ளரில் அளந்து கொடுக்கிறாள். கடையை அவள்தான் நடத்துகிறாள். தோசை முதலில் கோணலாக வந்தது, பிறகு பழகிவிட்டது. வங்காளத்தில் அண்ணியைச் சொல்லும் 'பௌதி' என்று கூப்பிட்டுக்கொண்டு மத்தியானத்தில் கூட்டம் வருகிறது.

ஒரு மத்தியானம் வீரராகவன் கடைக்கு வந்தார். வரிசையில் நிற்காமல் நேரே கல்லுக்கு எதிரில் வந்து நின்றார்.

"நடந்ததுக்கு வருத்தந்தான், அம்மா. டைரக்டரும் வருத்தப்பட்டார். அதைத் தாண்டி ஒரு நல்ல விஷயம். ரெண்டாம் கட்ட ஆய்வு ஆரம்பிக்கிறோம். ஒரு சிறுநீரகத்தைத் தானம் பண்ணிட்டு, மீதி ஒண்ணோட வாழறவங்களைப் பத்தி. உங்களைப் போல நகரத்துல அதிகம் பேர் இல்லை. திங்கட்கிழமை மட்டும் வந்தாப் போதும். கௌரவமா நடத்துவோம்."

கீதாஞ்சலி மாவை ஊற்றி வட்டமாக இழுத்தாள். எண்ணெயைச் சுற்றி விட்டாள். தோசை ஓரம் சிவந்தது.

"எனக்கு இருக்கிறது ஒண்ணுதான். அதுல ஏதாச்சும் கோளாறுன்னு தெரிஞ்சா என்கிட்ட சொல்வீங்களா?"

வீரராகவன் உண்மையாகவே யோசித்தார். கெட்டவர் இல்லை, இந்தத் தடவை தெளிவாகப் பதில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார்.

"அதைக் கமிட்டிதாம்மா முடிவு பண்ணணும்."

அவள் தோசையை மடித்துத் தட்டில் போட்டு, அவருக்குப் பின்னால் நின்ற பையனிடம் நீட்டினாள்.

"நகருங்க. ஆள் நிக்குது."

வீரராகவன் நகர்ந்தார். மகாமையத்தைச் சேர்ந்த ஒருவர், யாரிடமும் கையெழுத்து வாங்காமல், சொன்ன உடனே ஒரு காரியம் செய்ததைக் கீதாஞ்சலி அன்றைக்குத்தான் பார்த்தாள்.